இடது காது வரை ஒரு பயணம்

அழைப்பிதழின் பின்பக்கம் என் தங்கை செல்வி நீல மையில் எழுதியிருந்தாள்: “ஆவணி 3. அண்ணே, சின்னவளுக்கு 13-ஆம் தேதி காது குத்து. பத்தரையில் இருந்து பன்னிரண்டு வரைக்கும்தான் நல்ல நேரம். பெரியவனுக்கு நடந்தது மாதிரி இந்தத் தடவையும் வேற ஆள் மடியில உக்கார வைக்க விட்டுராத.”

பெரியவனுக்கு நடந்ததை நான் குறித்து வைத்திருக்கிறேன். நான்கு ஆண்டுகளுக்கு முன், அருப்புக்கோட்டை பேருந்து நிலையத்தில் ஒரு மணி நேரம் நின்றும் காது குத்துக்குப் போகவேண்டிய திருச்சுழி வண்டி வரவில்லை. கோபித்துக்கொண்டு பாளையம்பட்டி வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். தாய்மாமன் நான் ஒருவன்தான். மைத்துனரின் சிநேகிதர் மடியில் உட்காரவைத்துக் குத்தினார்கள். அதன்பின் செல்வி எழுதிய முதல் வரி, மேலே உள்ளதுதான்.

ஆவணி 13, காலை 8.40. கதவைப் பூட்டினேன். சொல்லிவிட்டுக் கிளம்ப வீட்டில் யாரும் இல்லை. பையில் பட்டுப்பாவாடை, தேங்காய், ஒரு சீப்பு வாழைப்பழம், சின்னத் தோடு ஒரு ஜோடி.

அருப்புக்கோட்டை நிலையத்தில் 9.15-க்கு வரவேண்டிய திருச்சுழி வண்டி 10.05-க்கு வந்தது. என் பக்கத்தில் ஆம்ப்ளிஃபயர் பெட்டியை மடியில் வைத்தபடி ஐம்பது வயதுக்காரர் ஒருவர் உட்கார்ந்தார். எம்.ரெட்டியபட்டியில் மைக்செட் வைத்திருக்கிறாராம். ஆட்டோ பழுதாகிவிட்டதால் பஸ்ஸில் வருவதாகச் சொன்னார். ஓட்டுநர் பழைய பாட்டு ஒன்றைப் போட்டார்.

10.25. பாதி வழியில் டயர் வெடித்தது. இன்ஜின் நின்றது, பாட்டும் பாதியில் நின்றது.

“எல்லாரும் எறங்குங்க. மாத்து டயரு டிப்போவுல இருந்து வரணும்” என்றார் நடத்துநர்.

இருபுறமும் சீமைக்கருவேலம், அதற்கப்பால் உழுது போட்ட கரிசல். ஒதுங்க நிழல் இல்லை. கடிகாரத்தை மூன்று தடவை பார்த்தேன். அந்த நேரம் பார்த்து எதிர்த்திசையில் அருப்புக்கோட்டை வண்டி வந்து நின்றது. ஏறினால் பதினொன்றுக்குள் வீடு. படியில் கால் வைத்துவிட்டேன்.

பின்னால் மைக்செட்காரர் பாடத் தொடங்கினார். நின்ற அடியிலிருந்து, நின்ற சொல்லிலிருந்து.

“யோவ் மைக்செட்டு, நீ பாடுனா மிச்ச டயரும் வெடிச்சிரும்யா!” என்றார் கூடை வைத்திருந்த பெண்.

“விசேசத்துக்குப் போற எடத்துல பாட்டு பாதியில நிக்கக்கூடாதுக்கா. கரண்டு போனாலும் மிச்சத்த வாயால முடிச்சிட்டுத்தான் நான் வேற வேலை பாப்பேன்.”

“இங்க யாரு விசேசத்துக்குப் போறாக?”

“இந்தா, பையில தேங்கா பழத்தோட ஒருத்தர் நிக்காகல்ல. அவுகளுக்குத்தான் பாடுதேன். சார், முடியிற வரைக்கும் போயிராதிக.”

அருப்புக்கோட்டை வண்டியின் நடத்துநர் விசில் கொடுத்தார். எனக்காக ஒருவர் பாடிக்கொண்டிருக்கும்போது எப்படி ஏறுவது? காலை எடுத்துக்கொண்டேன். வண்டி போய்விட்டது.

குரல் நன்றாக இல்லை. ஆனால் அவர் எதையும் விடவில்லை. சரணத்துக்கு முன் வரும் வயலினை வாயாலேயே வாசித்தார், தபேலாவை ஆம்ப்ளிஃபயர் பெட்டி மேல் தட்டினார். அவசரப்படுத்த வழியில்லாத பாட்டு, நான்கு சரணம். இரண்டாவதில் கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டேன். நான்காவதில் கூடைக்காரப் பெண்ணும் சேர்ந்துகொண்டார். முடித்ததும் மைக்செட்காரர் வெற்றிலையைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டார்.

டயர் வந்து, மாற்றி, 11.20-க்கு வண்டி கிளம்பியது. திருச்சுழியில் 11.42-க்கு இறங்கி, ஷேர் ஆட்டோவில் இரண்டு கிலோமீட்டர், இருபது ரூபாய். குலதெய்வக் கோயில் பந்தலை அடையும்போதே குழந்தையின் அலறல் கேட்டது.

வலது காது முடிந்திருந்தது. அதே சிநேகிதரின் மடியில். தோடு என் பையில் இருந்ததால் ஆசாரி வெறும் கம்பியைப் போட்டு வைத்திருந்தார்.

செல்வி என்னைப் பார்த்தாள். கண்கள் சிவந்திருந்தன. “இன்னும் ஒரு காது இருக்குண்ணே. ஒக்காரு.”

உட்காரும்போது மணி 11.53. என்னை ஒருநாளும் பார்த்திராத குழந்தை என் மடியில் துள்ளி, சட்டையைக் கடித்து, அழுது தீர்த்தது. வேறொன்றும் தோன்றாமல், வழியில் கேட்ட பாட்டை முதலிலிருந்து முனகினேன். அழுகை நிற்கவில்லை. நடுவில் வரும் வயலின் வந்தபோது மட்டும் வாயைத் திறந்தபடி என் வாயையே பார்த்தது.

“நிறுத்திராதிக மாமா, அப்படியே பாடுங்க” என்ற ஆசாரி குத்திவிட்டார்.

அதன்பின் அழுகைக்கு என் பாட்டு எம்மாத்திரம்? ஆனாலும் கடைசிச் சரணம் வரை முனகி முடித்தேன்.

மாலை 4.20 பேருந்தில் திரும்பினேன். பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது. செல்வி கட்டிக்கொடுத்த சோற்றுப் பொட்டலத்தைப் பாளையம்பட்டி வீட்டில் விளக்கைப் போட்டுத் தனியே பிரித்தேன். மதியம் அங்கே பந்திக்கு இலை போதாமல் ஓடிக்கொண்டிருந்தார்கள். இங்கே ஒரு தட்டு, ஒரு தம்ளர். சட்டைத் தோளில் சின்னப் பல்தடத்தின் ஈரம் காய்ந்திருந்தது. சட்டையை அன்று நனைக்கவில்லை.

ஒரு தகவல் பாக்கி. இடது காது குத்தப்பட்ட நேரம் என் குறிப்பேட்டில் இல்லை. இரண்டு கைகளும் குழந்தையைப் பிடித்திருந்தன. அடுத்து கடிகாரம் பார்த்தபோது 12.09. பன்னிரண்டு தாண்டவில்லை என்கிறாள் செல்வி. தாண்டிவிட்டது என்கிறார் அவள் மாமியார். ஆசாரியிடம் நான் கேட்கவில்லை. எனவே இது உறுதிசெய்யப்படாதது.