அத்தையின் அறைக்கு வந்த நீலத் தகடு

அந்தக் கூரைத் தகட்டுத் துண்டு உள்ளங்கை அகலம்தான் இருக்கும். கடைக்காரர் மாதிரிக்குக் கொடுத்தது. 2005 ஏப்ரலில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாரெட்பள்ளி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அது கை மாறிக்கொண்டிருந்தது. அண்ணன் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, "எங்க ஆபீஸ் கேன்டீன் மேல போட்டிருக்கிறது இதே நீலம்தான். ஒரு சொட்டு ஒழுகினதில்ல" என்றான். ஐடி கம்பெனிகள் முளைத்துக்கொண்டிருந்த மாதாப்பூரில் இருப்பது எதுவும் தப்பாக இருக்காது என்று எங்கள் வீடு நம்பிய வருடங்கள் அவை. அந்தக் கேன்டீனில் தகட்டுக்கும் தலைக்கும் நடுவே ஃபால்ஸ் சீலிங்கும் ஏசியும் உண்டு என்று யாரும் யோசிக்கவில்லை. கூரை மாற்றப் போவது அத்தையின் அறைக்கு. அத்தையை மேசைக்குக் கூப்பிடவும் இல்லை.

அப்பாவின் தங்கை அவள், மணம் செய்துகொள்ளவில்லை. மாடியில் இருந்த ஒரே அறை அவளுடையது. மத்தியானங்களில் அங்கே பிள்ளைகளுக்கு ஹிந்தி டியூஷன் எடுப்பாள். தன் செலவுக்கு யார் முகத்தையும் பார்த்ததில்லை. மழைக்கு அந்த அறை ஒழுகியது உண்மைதான். மங்களூர் ஓடுகளைத் தாங்கிய மரச்சட்டங்களைக் கரையான் தின்றிருந்தது.

பேச்சுச் சத்தம் கேட்டுக் கீழே வந்தவள் படியிலேயே நின்றாள். "சட்டம்தான்டா போயிருக்கு. கட்டையை மாத்தி அதே ஓட்டைப் போடு. தகடு நக்கோ, வேணவே வேணாம்."

"கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க அத்தே. ஃபேன் இருக்கில்ல?" என்றான் அண்ணன்.

"இருக்கு. தோசை மாவையும் மேலயே கொண்டுபோய் ஊத்திடறேன். கேஸாவது மிச்சமாகும்."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் கேட்டதை வேடிக்கையாக்கித் தள்ளிவிட அந்தச் சிரிப்பு போதுமாக இருந்தது. அதை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

மே மாதம் தகடு ஏறியது. ஓட்டின் இடுக்குகள் வழியே வெளியேறிய சூடு இப்போது நேராகத் தலையில் இறங்கியது. ஃபேன் அதையே சுற்றிச் சுற்றி வீசியது. ஒரு நாள் பாடத்தின் நடுவே ஒரு சிறுமிக்கு மூக்கில் ரத்தம் வந்தது. மறுநாளே நாலைந்து பிள்ளைகள் வரவில்லை. மழைக்காலத்தில் தகட்டின் இரைச்சலுக்கு மேல் டிக்டேஷன் சொல்லி அத்தைக்குத் தொண்டை கட்டியது. நான் அப்பாவிடம் சண்டை போட்டேன். "மூத்தவன் பாத்துப் பாத்து செஞ்சிருக்கான், நீ சும்மா இரு" என்றார். பாத்துப் பாத்து! அந்த அறையில் ஒரு மத்தியானம் அவன் உட்கார்ந்து பார்த்ததில்லை.

தசராவுக்குள் டியூஷன் நின்றுபோனது. அத்தை உப்பலில் ஒரு சிநேகிதியின் வீட்டுக் கீழறைக்குப் போய், முதலிலிருந்து பிள்ளைகளைத் தேட ஆரம்பித்தாள். வயதானால் பிடிவாதம் வந்துவிடும் என்று உறவில் எல்லோரும் பேசி முடித்தார்கள்.

சங்கராந்திக்கு அப்பா வீட்டுக்குப் போனபோது மாடியில் ஆள் நடமாட்டம் கேட்டது. ஏறிப் பார்த்தேன். சாஃப்ட்வேர் பையன்கள் இருவர் வாடகைக்கு இருந்தார்கள். தலைக்கு மேலே வெள்ளை வெளேரென்று ஃபால்ஸ் சீலிங். சுவரில் புது ஏசி.

கீழே வந்து அண்ணனிடம் கேட்டேன். அவனுக்கு என் கேள்வியே புரியவில்லை.

"வெளியாள் அந்தச் சூட்டுல எப்படிடி இருப்பான்? ரெண்டே நாள்ல காலி பண்ணிட்டுப் போயிடுவான்."

"அத்தை இருந்தாங்களே?"

"அத்தை நம்ம ஆளு."

அதை அவன் பாசத்தோடுதான் சொன்னான். செருப்பை மாட்டிக்கொண்டு, சாப்பிடாமலே உப்பலுக்கு ஆட்டோ பிடித்தேன். அண்ணன் இன்றும் உறவுக்காரர்களிடம் கேட்கிறானாம், ஒரு கூரைக்காக யாராவது கூடப்பிறந்தவனோடு இத்தனை வருடம் பேசாமல் இருப்பார்களா என்று.