நத்தைகளுக்கு இடமில்லை

பதினொரு வயதில் எனக்கு ஒரு தாழ்ப்பாள் கிடைத்தது. தியாகராய நகரில், மாம்பலம் ஸ்டேஷனை ஒட்டிய ஒரு தெருவில், இரண்டாவது மாடியில் எங்கள் வீடு. அப்பாவுக்கு ஜாக்கெட் துணியும் லைனிங் துணியும் விற்கிற மேட்சிங் சென்டர். கடைச் சரக்கு அடைந்து கிடந்த சின்ன அறையை அந்த ஜூன் மாதம் காலி செய்து, வெள்ளையடித்து, “இனிமே இது உன் ரூம்” என்று கொடுத்தார்கள். எத்தனை வெள்ளையடித்தும் புதுத்துணியின் கஞ்சி வாசனை சுவரை விட்டுப் போகவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. அதைவிடப் பிடித்தது, கதவின் உள்பக்கத்துத் தாழ்ப்பாள். ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது சும்மா போட்டுத் திறப்பேன்.

நவம்பர் மழையில் அத்தை குடும்பம் வந்து அந்த அறையை எடுத்துக்கொண்டது.

எடுத்துக்கொண்டது என்று நான்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவர்கள் வீடு வேளச்சேரியில், தரைத்தளம். கட்டில் உயரத்துக்குத் தண்ணீர் ஏறியதும், மூன்று பேரும் இடுப்பளவு வெள்ளத்தில் நடந்து, கிடைத்த வண்டியைப் பிடித்து வந்து சேர்ந்தார்கள். அத்தை கையில் ஒரு துணிப்பை. மாமா கையில் பத்திரமும் சர்டிபிகேட்டும் திணித்த ஒரு பிளாஸ்டிக் டப்பா. என்னைவிட இரண்டு வயது மூத்த அத்தை மகன் தோளில், ஃப்ளெக்ஸ் பேனரில் சுற்றிய கம்ப்யூட்டர் பெட்டி. “மத்ததெல்லாம் மெதக்குது. இது மட்டும் ஒரு சொட்டு நனையல” என்று பல்லைக் காட்டினான். அம்மா என் காதில், “ரெண்டே நாள்” என்றாள்.

ரெண்டு நாள் ஒன்பது நாளாயிற்று. அவனுடைய பெட்டியும் எங்கள் வீட்டுப் பழைய மானிட்டரும் என் மேஜையில் ஏறின. என் புத்தகங்கள் செருப்பு ஸ்டாண்டின் மேல்தட்டுக்குப் போயின. நான் ஹாலில், அப்பாவின் குறட்டைக்கும் ஃப்ரிட்ஜின் உறுமலுக்கும் நடுவில் படுத்துக்கொண்டேன். மாமா எங்கள் வீட்டில் ஃபேன் போடுவதற்குக்கூட யாரையாவது கேட்டுக்கொள்வார். அத்தை எதையாவது உரித்துக்கொண்டோ மடித்துக்கொண்டோ இருப்பாள். அவள் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. அதெல்லாம் என் கண்ணில் பட்டது. ஆனால் கோபத்தில் இருக்கிறவர் கண்ணில் படுவது எதுவும் கணக்கில் சேராது.

இங்கே என் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். யாராவது ஒரு பேச்சை ருசியாகப் பேசிவிட்டால் அதை எடுத்து வைத்துக்கொள்வேன். இன்றுவரை விட்டபாடில்லை. அப்போது அதற்கென்றே ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருந்தேன். ரங்கநாதன் தெரு முனையில் ஒரு கடையின் வாட்ச்மேன் தாத்தா, கூட்டத்தைப் பார்த்து மிரண்ட ஒரு குடும்பத்திடம், “நீங்க நடக்கவே வேணாம், சும்மா நில்லுங்க, அவங்களே கொண்டுபோய் வுட்டுருவாங்க” என்றது அதில் இருந்தது. தக்காளிக்காரம்மா, “பாத்துப் போடுன்னா? கண்ண மூடிக்கினா போடறேன்?” என்று கேட்டதும், பஸ் கண்டக்டர், “உள்ள போ, உள்ள போ, உள்ள இன்னா பேயா கீது?” என்று கத்தியதும் இருந்தன. சமயம் பார்த்து எடுத்து விடுவேன்; வீட்டில் சிரிப்பார்கள், சில நேரம் கை தட்டுவார்கள். அடுத்தவர் பேச்சைச் சொன்னால் அது யார் சொன்னது என்பதையும் சொல்லிவிட வேண்டும் என்பது எனக்கு நானே போட்டுக்கொண்ட சட்டம். அந்த விஷயத்தில் நான் ரொம்ப நாணயம்.

அத்தை மகன் வைத்திருந்தது ஒரு விண்வெளி விளையாட்டு. கிரகம் கிரகமாகப் பிடித்து, கப்பல் கட்டி, ஊர் ஊராகப் பெருக வேண்டும். என்னை அவன் துணைத் தளபதியாகச் சேர்த்துக்கொண்டான். அந்த ஒன்பது நாளும் அவன்மேல் எனக்குக் கொலைக்கோபம். ஆனாலும் விடிந்ததும் பல் தேய்க்காமல் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். பிடித்த கிரகங்களுக்கெல்லாம் பஸ் ஸ்டாப் பெயர் வைத்தோம். பனகல் பார்க்கில் கப்பல் பட்டறை. அசோக் பில்லரில் சுரங்கம். சைதாப்பேட்டை மட்டும் ஆளில்லாமல் காலியாகக் கிடந்தது.

ஒன்பதாம் நாள் மதியம் சைதாப்பேட்டைப் பக்கம் இருநூறு கப்பல்கள் வந்து நின்றன. திரையில் ஒரு நீலத் தலை தோன்றியது. கொம்பும் வழவழப்புமாக நத்தை போலவே இருந்தது. எங்கள் சூரியன் அணைந்துவிட்டது, போக்கிடமில்லை, ஒரு கிரகம் கொடுங்கள், கொடுக்காவிட்டால் போர்தான் என்று அதன் செய்தி. கீழே இரண்டு பொத்தான்கள்: ஒன்று சமாதானத்துக்கு, ஒன்று சண்டைக்கு. அவன் கை மவுஸுக்குப் போகும் முன் கரண்ட் போய்விட்டது.

“டென்ஷன் ஆவாத, எல்லாம் தானா சேவ் ஆயிடும். கரண்ட் வந்ததும் நத்தைங்களுக்குப் பதில் சொல்லணும். சண்டையா, சமாதானமா?”

“சண்டை” என்றேன்.

“யோசிச்சு சொல்லு, குட்டச்சி.”

“யோசிச்சிட்டேன். சண்டை.”

அவன் ஒப்புக்கொள்ளவில்லை. டிவி கிடையாது, போன்களில் சார்ஜ் கிடையாது, கொட்டுகிற மழையில் வெளியே போக வழி கிடையாது. வேறு வேலை இல்லாததால் பெரியவர்களும் ஹாலில் கூடிவிட்டார்கள். அவன் வழக்கை எடுத்துச் சொன்னான்.

“சைதாப்பேட்டை சும்மாதான கெடக்கு? நம்ம ஆளு ஒருத்தன்கூட அங்க இல்ல.”

“சும்மா கெடந்தாலும் நம்மளுது” என்றேன்.

மாமா பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சிரித்தார். “ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டுமேம்மா. சத்தம்கூடப் போடாது. நத்தைதான?”

“குடுத்துடு” என்றார் அப்பா. “நாலு பேர் வந்து குடியேறினாதான் அந்தப் பக்கம் வியாபாரம் நடக்கும்.”

அத்தை பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே, “குடுக்கறதுன்னா முழு மனசா குடுங்க. பாதியில முகம் சுளிக்கிறதுக்கு, மொதல்லயே இல்லன்னு சொல்லிடலாம்” என்றாள்.

அடுப்படியில் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்த அம்மா, “எதையாவது சட்டுனு முடிங்க! தட்டு எடுத்து வைக்க ஒருத்தரும் இல்ல இங்க” என்று குரல் கொடுத்தாள்.

சமாதானத்துக்கு ஆள் கூடிக்கொண்டே போயிற்று. என் பக்கம் நான் மட்டும்தான். என் வீட்டில், என் ஹாலில், நான் தோற்றுக்கொண்டிருந்தேன். கண்டக்டர் சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. அது அவன் பக்கத்துக்குத்தான் உதவும் என்று வெளியே விடாமல் அமுக்கி வைத்தேன். பிறகு ஸ்டூல்மேல் ஏறி நின்றேன்.

“இன்னிக்கு ஒரு கிரகம்பாங்க. நாளைக்கு இன்னொண்ணும்பாங்க. அப்புறம் மேஜைய எடுத்துப்பாங்க. நம்ம புக்கெல்லாம் செருப்பு ஸ்டாண்டுக்குப் போயிடும்!”

“நத்தைக்கு எதுக்குடி மேஜை?” என்று அவன் விழுந்து விழுந்து சிரித்தான். மாமாவும் சிரித்தார். எனக்குக் காது மடல் சுட்டது. நோட்டில் இருந்ததிலேயே ஜோரான ஒன்றை, இரண்டு நாள் முன்பு எழுதி நல்ல சமயத்துக்காக வைத்திருந்ததை, எடுத்து வீசினேன்.

“தண்ணி வடிஞ்சாலும் வடியும், இவங்க வடிய மாட்டாங்க!”

நான் கைதட்டலுக்குக் காத்திருந்தேன். அத்தை மகன்தான் முதலில் வாய் திறந்தான். “ஸ்பேஸ்ல ஏதுடி தண்ணி? லூசு.”

“நான் ஒண்ணும் லூசு இல்ல. அம்மா சொன்னது! சித்திகிட்ட போன்ல சொன்னாங்க, நான் ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி நின்னு கேட்டேன்!”

அத்தையின் விரல்கள் ஒரு பூண்டுப் பல்லில் நின்றுவிட்டன. மாமா மடித்து வைத்த பேப்பரை எடுத்து மறுபடி விரித்தார். அம்மா ஜல்லிக்கரண்டியோடு வெளியே வந்தாள். கரண்டியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையால் என்னை அறைந்தாள். அதுவரை அவள் என்னை அடித்ததில்லை.

“அதை ஏன் அடிக்கிற?” அப்பா எழுந்துவிட்டார். “என்ன பேசி வச்சிருக்க நீ?”

“ஆமா, பேசினேன். ஒத்த சிலிண்டர வச்சுக்கிட்டு ஆறு பேருக்கு ஆக்கிப் போடறேன். வாய் விட்டு ஒரு வார்த்தை பேசக்கூடாதா? உங்களுக்கென்ன, கடைக்குப் போறேன்னு கெளம்பிடறீங்க!”

“என் அக்காவுக்கு ஆக்கிப் போட உனக்குக் கசக்குதா?”

“ஏன், நீங்க ஒரு நாள் அடுப்புல நின்னு பாருங்களேன்!”

இருவரும் மாறி மாறிக் கத்தினார்கள். அந்தச் சத்தத்தில் என் பக்கம் யாரும் திரும்பவில்லை. கன்னம் எரிந்தது. நான் சொன்னதில் பொய் ஒன்றுகூட இல்லை. சொன்னவள் அவள், அடி எனக்கு. இது எந்த ஊர் நியாயம் என்று நடு ஹாலில் காலை உதைத்துக்கொண்டு நின்றேன்.

“விடு தம்பி” என்றாள் அத்தை. “அவளுக்கும் கை ஓஞ்சு போச்சு. நாங்க காலையில கெளம்பறோம்.”

“அக்கா, அங்க இன்னும் தண்ணி நிக்குது.”

“வடியும்” என்றாள் அத்தை.

பஜ்ஜி ஆறிப்போயிற்று.

காலையில் கரண்ட் வந்திருந்தது. அத்தை தாங்கள் படுத்த பாய்களைத் துடைத்துச் சுருட்டி, போர்வைகளைத் துவைத்துக் காயப்போட்டு, குடித்த டம்ளர்களைக்கூடக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள். அம்மா அடுப்படி வாசலிலேயே நின்றாள். “மழைக்காவது நில்லுங்க அண்ணி” என்று ஒரு தடவை சொன்னாள். சொன்னது கேட்டதா என்று தெரியவில்லை. அத்தை பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தாள்.

அத்தை மகன் கம்ப்யூட்டரைப் போட்டான். நீலத் தலை அப்படியே காத்திருந்தது. அவன் எழுந்து நாற்காலியை என் பக்கம் தள்ளினான்.

“அமுக்கு.”

“நீதான தளபதி?”

“நீதான ஜெயிச்ச. அமுக்கிட்டு வா, நான் வயரக் கழட்டணும்.”

எனக்கு இன்னும் ஆறவில்லை. சண்டைப் பொத்தானை அமுக்கினேன். கப்பல்கள் சிவப்பாக மாறி அசையத் தொடங்கின. அதற்குள் அவன் குனிந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டான்.

“ஏய்! யாரு ஜெயிக்கிறாங்கன்னு பாக்க வேணாமா?”

“பாத்தாச்சு” என்றான். பெட்டியை அதே ஃப்ளெக்ஸில் சுற்றினான்.

கீழே ஆட்டோக்காரர் தலையைச் சொறிந்தார். “வேளச்சேரில முட்டி வரிக்கும் தண்ணி நிக்குதும்மா. பாலத்தாண்ட எறக்கி வுட்டுர்றேன். அப்பால நடந்துதான் போவணும்.”

“போதும்பா” என்றாள் அத்தை. அப்பா லுங்கியோடு, குடைகூட இல்லாமல், ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாமா, “நீ மேல போப்பா, நனையற” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். வேறொன்றும் சொல்லத் தெரியாதவர் மாதிரி. அத்தை என்னைக் கூப்பிட்டு, நேற்று அடி விழுந்த கன்னத்தையே தொட்டாள்.

“நல்லாப் பேசற கண்ணு. இன்னும் நல்லாப் பேசு.”

பார்த்தாயா, அத்தையே மெச்சுகிறாள், நீ அடித்தாயே என்று மாடி பால்கனியை அண்ணாந்து பார்த்தேன். அங்கே அம்மா இல்லை.

ஆட்டோ திரும்பியதும் இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே ஓடினேன். என் அறை, என் மேஜை, என் தாழ்ப்பாள். ஆனால் கதவு சாத்தியிருந்தது. வெளிக்கொண்டியைப் போட்டுவிட்டு அம்மா அதன்மேல் சாய்ந்து நின்றாள். முகம் வீங்கியிருந்தது, வெங்காயம் நறுக்கியிருப்பாள் என்று நினைத்தேன்.

“என் ரூம்மா. தெற.”

“ஈரமா இருக்கு. காயட்டும்.”

இரண்டாவது மாடி. அந்த மழையில் ஒரு சொட்டுக்கூட உள்ளே வராத அறை. அவளை இடித்துத் தள்ளிவிட்டுக் கொண்டியை எடுத்து, உள்ளே போய்ச் சுவரைத் தொட்டுப் பார்த்தேன். நாலு சுவரையும் தொட்டேன். தரையில் கை வைத்தேன். எல்லாம் காய்ந்து கிடந்தது. அம்மா அப்பட்டமாகப் பொய் சொல்கிறாள் என்று வெளியே வந்து அப்பாவிடம் கத்தினேன். ஈரச் சட்டையின் பொத்தான்களைக் கழற்றிக்கொண்டிருந்தவர் என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

“ஈரமாத்தான் இருக்கும். விடு, ரெண்டு நாள் ஹால்லயே படு.”

இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு என்னை ஏமாற்றுகிறார்கள் என்று, அன்றைக்கு முழுவதும் நான் ஒருவரோடும் பேசவில்லை.