மூன்று மீட்டர் இருபத்திரண்டு

இரும்புப் பட்டறையில் அவரை எல்லோரும் சாக்பீஸ் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். வலது காதுமடலில் எந்நேரமும் ஒரு சாக்பீஸ் செருகியிருக்கும். தகட்டை எங்கே வெட்டுவது, எங்கே மடிப்பது, சட்டத்தை எந்தச் சாய்வில் அறுப்பது என்று கோடு போட்டுக் கொடுப்பதுதான் அவர் வேலை. படிக்கட்டோ, புகைக்கூண்டோ, தானியம் கொட்டுகிற பெரிய புனலோ, வரைபடத்தை ஒரு பார்வை பார்ப்பார். கண்ணை இடுக்குவார். உதடு இரண்டு தடவை அசையும். கணக்கு முடிந்திருக்கும்.

முப்பத்தொரு வருஷத்தில் அவர் கால்குலேட்டரைக் கையால் தொட்டதில்லை. "நீங்க அதைத் தட்டி முடிக்கிறதுக்குள்ள நான் டீ குடிச்சிட்டு வந்துருவேன்" என்பார். சொன்னபடி செய்தும் காட்டியிருக்கிறார். யாராவது கணக்குப் போட்டுக் காட்டினால், விடையைப் பார்த்த மாத்திரத்தில், "இது இடிக்குதே" என்பார். எங்கே இடிக்கிறது என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் இடித்த இடத்தில் தப்பு இருக்கும்.

அவர் மனைவிக்கோ கணக்கு என்றாலே காய்ச்சல். எட்டாம் வகுப்பில் கணக்கில் கோட்டைவிட்டதோடு படிப்பு நின்றது. வீட்டிலேயே ஜன்னல் திரைகள் தைத்துக் கொடுத்தாள். ஜன்னலின் அகலத்தைச் சொன்னால் போதும், சுருக்கத்துக்கும் சேர்த்து எத்தனை மீட்டர் துணி வேண்டும் என்று அவர் சாப்பிட்டுக்கொண்டே சொல்லிவிடுவார். "உன் தலையில கணக்கு இருக்கவேண்டிய இடத்துல பஞ்சை வச்சு அடைச்சிருக்கான்" என்று சீண்டுவார். "ரெண்டு பேர்ல ஒருத்தருக்குத் தெரிஞ்சா போதாதா?" என்பாள் அவள்.

அந்தப் பேச்சு அப்படிப் பலிக்காமலே இருந்திருக்கலாம்.

ஒரு நாள் முற்பகல், தகட்டின் மேல் குனிந்து கோடு போட்டுக்கொண்டிருந்தவர் நாலு என்று எழுதினார். மறுபடியும் நாலு. அதன்மேலேயே இன்னொரு நாலு. சாய்ந்தவரைப் பக்கத்தில் நின்ற வெல்டர்தான் தாங்கிப் பிடித்தார். அவள் ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தபோது தையல் ஊசி இன்னும் முந்தானையில் குத்தியபடியே இருந்தது.

மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு என்றார்கள். பதினோரு நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒன்றரை மாதத்தில் கை வந்தது, கால் வந்தது, குழறிய நாக்கும் நேரானது. அவள் வேண்டாத தெய்வமில்லை. மறுபரிசோதனைக்குப் போனபோது டாக்டர் சாதாரணமாகத்தான் கேட்டார்: "ஏழும் அஞ்சும் சேர்த்தா எவ்வளவு?"

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தாய் என்று கேட்பவரைப் போல மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் தன் விரல்களை மடக்கி எண்ணி, பன்னிரண்டு என்று வாயசைத்தாள்.

"சிலருக்கு இப்படி ஆகிறதுண்டு" என்றார் டாக்டர். "எண்ணை எண்ணாப் படிக்கிறார், எழுதறார். ஆனா அது பெருசா சின்னதாங்கிற உணர்வு போயிருச்சு. திரும்பி வரலாம். வராமலும் போகலாம்."

சேதி கேட்டு வெளியூரிலிருந்து மகள் வந்தாள். தான் கல்லூரியில் படித்தபோது வாங்கிய பழைய கம்ப்யூட்டரின் தூசியைத் தட்டினாள். இணையத்திலிருந்து ஒரு கால்குலேட்டர் ப்ரோக்ராமை இறக்கினாள். யாரோ புண்ணியவான் எழுதி, எல்லோரும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சும்மா விட்டிருந்தானாம். திரையில் ஒரு பெட்டி விரிந்தது. எண்கள் ஒருபக்கம், சைன், காஸ், டேன் என்று பொத்தான்கள் மறுபக்கம்.

"அப்பா, எதை எதால வகுக்கணும்னு உங்களுக்குத் தெரியுமில்ல?"

"அது தெரியாமலா? உயரத்தைச் சைனால வகுத்தா சட்டத்தோட நீளம்."

"அப்ப மிச்சத்தை இது பார்த்துக்கும்."

அது உண்மைதான். வடிவங்கள் எல்லாம் அவருக்குள் பத்திரமாக இருந்தன. எது செங்குத்து, எது சாய்வு, எங்கே முக்கோணம் ஒளிந்திருக்கிறது, எதையும் மறக்கவில்லை. எண்கள்தான் வீட்டைக் காலிசெய்துவிட்டுப் போயிருந்தன.

மகள் மூன்றாம் நாள் கிளம்பினாள். அதன்பிறகு தினமும் காலைச் சமையல் முடிந்ததும் இருவரும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்கள். அவருடைய பழைய நோட்டுப்புத்தகத்தைப் பிரித்து அவள் அளவுகளை வாசிப்பாள். அவர் ஒற்றை விரலால் தட்டுவார். வந்த விடையை நோட்டில் அவரே என்றோ எழுதிவைத்த விடையோடு அவள் ஒவ்வொரு இலக்கமாக ஒத்துப்பார்ப்பாள்.

"சரியா?"

"அச்சு அசலா அப்படியே இருக்குங்க."

"பஞ்சு அடைச்ச தலைக்கு எப்படித் தெரியுது?"

"பஞ்சுல ஒரு பொறி விழுந்தா போதாதா!"

இருவரும் சிரித்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. அறுபது கணக்கு போட்டார்கள், அறுபதும் சரி. பட்டறை முதலாளி நல்ல மனுஷன். தன் அறைக் கம்ப்யூட்டரிலும் அதே ப்ரோக்ராமை ஏற்றி வைத்துவிட்டு, "நாளைக்கே வாங்க" என்றார். மறுநாள் காலை அவர் காதில் சாக்பீஸைச் செருகிக்கொண்டு படியிறங்கியதை அவள் தெருமுனை வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

இரண்டாம் வாரம், மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே வாசலில் வண்டி நின்றது. வெல்டர் அவரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். கணவர் முகத்தில் ஈயாடவில்லை. நேராக உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்தார்.

"மறுபடியும் ஏதாவது...?" என்று பதறினாள் அவள்.

"உடம்புக்கு ஒண்ணுமில்ல அண்ணி" என்றார் வெல்டர். "ஒரு படிக்கட்டு வேலை. ரெண்டு மீட்டர் நாப்பது உயரம், நாப்பது டிகிரி சாய்வு. அண்ணன் கணக்குப் போட்டு மூணு மீட்டர் இருபத்திரண்டுன்னு சட்டத்து மேல எழுதினாரு. அண்ணன் எழுதினா யாரு மறுபேச்சுப் பேசுவா? ரெண்டு பக்கச் சட்டத்தையும் அறுத்துட்டோம். தூக்கி நிறுத்தினா மேல எட்டவே இல்ல. அரை மீட்டர் குறையுது."

அவள் உடனே மகளுக்குப் போன் போட்டாள். மகள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அம்மா, அந்தப் பெட்டியோட மேல் ஓரத்துல டிகிரின்னு இருந்துச்சா, ரேடியன்னு இருந்துச்சா, யாராவது பார்த்தாங்களா?" என்றாள். நீளத்தை மீட்டரிலும் அளக்கலாம், அடியிலும் அளக்கலாம் இல்லையா, கோணத்துக்கும் அப்படி இரண்டு அளவு உண்டு. வீட்டுக் கம்ப்யூட்டரில் தான் டிகிரியில் வைத்துவிட்டு வந்ததாகவும், பட்டறையில் ஏற்றியவர்கள் மாற்றாமல் விட்டிருப்பார்கள் என்றும் விளக்கினாள். "ஒரு தட்டு தட்டினா சரியாயிரும்மா. அப்பாகிட்ட முதல்லயே சொல்லாம விட்டது என் தப்பு."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. உள்ளே போய், "இவ்வளவுதானாங்க! ஒரு பொத்தான்தானாம்!" என்றாள்.

அவர் தலையசைத்தார். "பொத்தான் இல்ல."

"பின்ன?"

அவர் வெல்டரைப் பார்த்தார். "நீயே சொல்லு."

வெல்டர் தயங்கினார். தரையைப் பார்த்தபடி சொன்னார்: "நாப்பத்தஞ்சு டிகிரி படிக்கே அந்த உயரத்துக்கு மூணு நாப்பது வேணும் அண்ணி. இது அதைவிடப் படுத்த படி. அப்ப இன்னும் நீளமாத்தானே வேணும்? கணக்கே போட வேண்டாம், பார்த்த உடனே தெரியணும்." பிறகு சேர்த்தார்: "அண்ணன்தான் எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தாரு."

"அந்த நம்பர் என் மூஞ்சிக்கு நேரா நின்னு பொய் சொல்லுச்சு" என்றார் அவர். "நான் அதை வாங்கி, அழகா எழுதிக் கொடுத்தேன். எனக்கு எங்கயும் இடிக்கல."

அன்று மூவரில் யாரும் சாப்பிடவில்லை.

முதலாளி ஒரு சொல் கடிந்து பேசவில்லை. குட்டையான சட்டங்களை வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டார். பொத்தானையும் மாற்றி வைத்தார். ஆனால் சாக்பீஸ் அண்ணன் தானாகவே போய், தன்னைப் பெயின்ட் அடிக்கும் பகுதிக்கு மாற்றச் சொன்னார். எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. கோடு போட வேறொருவர் வந்து சேர்ந்தார். அந்த மாதத்திலிருந்து அவர் துணிகளில் துருப்பிடிக்காமலிருக்க அடிக்கிற செம்மண் நிறப் பெயின்ட் படிய ஆரம்பித்தது. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் நகக்கண்ணில் மிச்சம் நின்றது.

வீட்டில் மட்டும் அவர் அந்தப் ப்ரோக்ராமை விடவில்லை. அந்த உணர்வு திரும்பி வரலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தாரே. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் உட்கார்ந்தார்கள். இப்போது அவர் விரலைவிட அவள் விரல்தான் வேகம். விடை வந்ததும் அவர் அதையே உற்றுப் பார்ப்பார், கூட்டத்தில் தெரிந்த முகத்தைத் தேடுகிறவர் மாதிரி. பிறகு, "அடுத்தது" என்பார்.

ஆறேழு மாதம் போயிருக்கும். ஓர் ஏணிக் கணக்கு. மூன்று மீட்டர் அறுபது உயரம், எழுபத்தைந்து டிகிரி. அவள் தட்டினாள். மூன்று மீட்டர் எழுபத்திரண்டு சொச்சம் என்று வந்தது.

"நில்லு" என்றார் அவர்.

நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். "இது இடிக்குது. இவ்வளவு கம்மியா வராது. எனக்கு இடிக்குதுடி!" எத்தனையோ மாதமாகக் காணாத பழைய மனுஷன் அந்த முகத்தில் வந்து நின்றான்.

மேல் ஓரத்தைப் பார்த்தாள், டிகிரிதான். அழித்துவிட்டு மறுபடி தட்டினாள். அதே விடை. மூன்றாம் தடவை ஒவ்வொரு எண்ணாகச் சொல்லிச் சொல்லித் தட்டினாள். அதே. மடியில் இருந்த நோட்டைப் பார்த்தாள். அவர் கையெழுத்திலேயே மூன்று எழுபத்திரண்டு என்று இருந்தது. ஏறக்குறைய நிமிர்ந்து நிற்கிற ஏணி. உயரத்தைவிடக் கொஞ்சம்தானே கூட வேண்டும். இத்தனை நாள் பழக்கத்தில் அது அவளுக்கே தெரிந்தது.

தப்புதான், நீங்க சொன்னதுதான் சரி என்று சொல்லிவிட்டால் என்ன? யாருக்கு நஷ்டம்? நோட்டை மெதுவாக மூடினாள். வாயைத் திறந்தாள்.

அவர் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எண்களைத் தொலைத்தவர் அந்த முகத்தைப் படிக்க மறக்கவில்லை.

"விடு" என்றார். "அணைச்சிரு."

"இன்னொரு தடவை போட்டுப் பார்க்கலாமாங்க?"

"வேண்டாம்மா. நீ நல்லாவே போடுற."

அவர் பின்பக்கம் போய் முகம் கழுவினார். தண்ணீர் வெகுநேரம் கொட்டிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு அவர் அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவில்லை, அவளும் கூப்பிடவில்லை.

திங்கட்கிழமை வழக்கம்போல வேலைக்குப் போனார். இன்னும் போய்க்கொண்டிருக்கிறார். சாப்பிடும் இடத்துக்குக் கோடு போடும் மேசை வழியாகப் போனால் பத்து எட்டு வைத்தாலே போதும், ஆனால் அவர் வெயிலில் வெளிப்புறமாகச் சுற்றிக்கொண்டுதான் வருவார் என்று வெல்டர் ஒருநாள் அவளிடம் சொன்னார். ஏன் என்று அவள் அவரிடம் கேட்டதில்லை. மறுநாள் அவருடைய சாப்பாட்டுப் பையில் ஒரு தொப்பியை மடித்து வைத்தாள்.