இரண்டு எண், ஒரே தாய்

வெர்னா ஸ்கிட்மோர், மேற்கு வர்ஜீனியா மலையில் நிலக்கரி தோண்டி நெஞ்சு கெட்டுச் செத்த ஹோபர்ட்டின் கடைசி மகள். மூத்தவள் ஓஹையோக்காரனைக் கட்டிக்கொண்டு போனாள். மலை ஜனங்களுக்கு ஒருவன் பெயர் மட்டும் போதாது; யார் மகன், எங்கே பெண் எடுத்தான், அந்த வீட்டில் யார் எப்படிச் செத்தார்கள் என்பது வரை கேட்டாக வேண்டும். வெர்னாவுக்கு அந்தக் குணம் ஒரு பங்கு கூடுதல். கேட்டதை மறக்கவும் மாட்டாள்.

வாஷிங்டன் பக்கத்தில் ஓர் உளவு அலுவலகப் பதிவறையில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தாள். துப்புச் சொல்கிறவர்களுக்கு அங்கே எண்தான், பெயர் கிடையாது. ஒரு பிரிவின் கோப்பை இன்னொரு பிரிவு பார்க்கக் கூடாது. பெரிய படிப்புப் படித்த ஆய்வாளர்களுக்கும் அவரவர் அலமாரியோடு சரி. எல்லா அலமாரியையும் திறக்கிறவள் கோப்பு அடுக்குகிற வெர்னா ஒருத்திதான்.

இரட்டைக் கோபுரம் விழுந்த மறுவருஷம், ஓர் அரபு நாட்டின் மேல் படை எடுப்பதா வேண்டாமா என்று ஊரே பேசியது. அந்த நாட்டு அரசு பயங்கரவாதிகளுக்கு விஷவாயு பழக்கிக் கொடுத்ததாக இரண்டு சாட்சிகள் இருந்தார்கள். பதினேழாம் எண், நட்பு நாட்டுப் போலீஸ் விசாரித்து எழுதி அனுப்பியவன். நாற்பதாம் எண், அமெரிக்க ஆட்களே விசாரித்தவன். வெர்னாவின் மகன் லோவெல் பட்டாளத்தில் லாரி ஓட்டுகிறவன். தயாராக இரு என்று அவனுக்குக் கடிதம் வந்த வாரத்தில்தான் அவள் இரண்டு கோப்பையும் படித்து அடுக்கினாள். அடுக்கியவள் மேலதிகாரி பிரகெட்டிடம் போய் நின்றாள்.

"ஸார், பதினேழும் நாப்பதும் ஒரே ஆளு. அங்க புடிச்சவனத்தான் நம்மகிட்ட குடுத்திருக்காங்க. நாம வேற எண்ணுல எழுதிக்கிட்டோம்."

"எப்படிச் சொல்ற?"

"ரெண்டு பேருக்கும் அம்மா, விளக்கு விக்கிறவனுக்கு ரெண்டாந்தாரமா வாக்கப்பட்டவ. ரெண்டு பேருக்கும் தம்பி கெணத்துல விழுந்து செத்தான். கால் விந்துற அக்காவச் சித்தப்பா மகனுக்குக் குடுத்திருக்கு. இது ரெண்டு வீட்டுல நடக்குமா ஸார்?"

"எப்போலேர்ந்து நீ ஆய்வாளர் ஆன, வெர்னா?"

"ஆகல ஸார். நான் ஹோபர்ட் பொண்ணு."

பிரகெட் சிரித்துவிட்டார். கெட்ட மனிதர் அல்ல. எழுதிக் கொடு என்றார். அரைத் தாளில் எழுதிக் கொடுத்தாள். மறுநாள் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் அந்தத் தாளை உறையில் போட்டு எடுத்து வந்தார்.

"ரெண்டு பிரிவோட எண்ணையும் ஒரே தாள்ல எழுத மாட்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்களேம்மா?"

"ரெண்டும் ஒண்ணுன்னு சொல்ல ரெண்டையும் எழுதித்தானே ஆகணும்?"

"தனித்தனித் தாள்ல எழுதுங்க. இத நீங்களே கிழிச்சிருங்க."

கிழித்தாள். பிறகு இரண்டு தாளில், "இவன் வேறொரு கோப்பில் உள்ளவனே, எந்தக் கோப்பு என்று இங்கே எழுத அனுமதியில்லை" என்று எழுதினாள். ஒன்று இந்த அலமாரிக்குப் போயிற்று, ஒன்று அந்த அலமாரிக்கு. சீண்டுவார் இல்லை. ஜனவரியில் நாட்டின் சட்டசபையில் பேசிய ஒரு பெரிய மனிதர் தொலைக்காட்சியில், தனித்தனியாக இரண்டு சாட்சிகள் என்று விரலை நீட்டிச் சொன்னார். சபை எழுந்து கை தட்டியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை லோவெல் பீன்ஸும் சோள ரொட்டியும் சாப்பிட வந்தான்.

"போகாதடா" என்றாள்.

"போகாம? ஜெயிலுக்கா?"

"கனடாவுக்குப் போ. பெரியம்மா மக அங்கதான இருக்கா."

"அவ சமையலுக்கு யுத்தமே மேல்மா." சிரித்தான். அவள் சிரிக்காததைப் பார்த்துத் தட்டைத் தள்ளி வைத்தான். "சரி, காரணம் சொல்லு. ஒரே ஒரு காரணம். கேட்டுக்கறேன்."

சொன்னால் சிறை. இத்தனை வருஷம் உழைத்த ஓய்வூதியமும் போகும். வாய் வரை வந்தது.

"மனசு சரியில்ல" என்றாள்.

"அதுக்கெல்லாம் பட்டாளத்துல லீவு கிடையாதும்மா. சாட்சி ரெண்டு பேரு சொல்லியிருக்காங்களே, டிவி பாக்கலையா?"

"பாத்தேன்."

மார்ச்சில் போர் தொடங்கியது. ஆகஸ்டில் ரோட்டில் புதைத்திருந்த குண்டின் மேல் லாரி ஏறியது. லோவெலுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை.

இரண்டு வருஷம் கழித்துப் பத்திரிகையில் வந்தது: இரண்டு சாட்சியும் ஒருவனே, அவன் அடி தாங்காமல் சொன்னதும் பொய். அம்மா வீட்டு மேஜை முன்னால் உட்கார்ந்துதான் லோவெல் அதைப் படித்தான்.

"உன் ஆபீஸ்தானே?"

"ஆமா."

"உனக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "நீ போறதுக்கு முன்னாடியே தெரியும்" என்றாள்.

"நான் காரணம் கேட்டேனேம்மா."

அவ்வளவுதான் கேட்டான். ஊன்றுகோலை எடுத்துக்கொண்டான். அந்த மாதமே மனைவி ஷெல்பியோடு ஓஹையோவில் பெரியம்மா ஊருக்குக் குடிபோனான். குழந்தை பிறந்ததை வெர்னாவுக்கு அக்காதான் சொன்னாள்.

ஞாயிறு தவறாமல் வெர்னா போன் செய்வாள். மருமகள்தான் எடுப்பாள்.

"அவரு வெளிய போயிருக்காரு அத்தை."

பின்னால் தொலைக்காட்சியில் பந்தாட்டம் ஓடும். ஆட்டக்காரனைத் திட்டுகிற லோவெலின் குரலும் கேட்கும்.

"சரிம்மா. காலு வலி எப்படி இருக்கு அவனுக்கு?"

"அத அவருதான் சொல்லணும் அத்தை" என்று சொல்லி ஷெல்பி போனை வைத்துவிடுவாள்.