களஞ்சியப் பாடத்தின் கடைசிக் கேள்வி

வௌவால் எச்சத்தின் நெடி மூக்கில் ஏறினால் போதும், எனக்குள் கணக்கு டீச்சர் பேசத் தொடங்கிவிடுகிறார். செஞ்சிக் கோட்டையின் நெற்களஞ்சியத்துக்குள், இருட்டு கெட்டிப்பட்டுக் கிடக்கும் அந்த நீளத்தில், நாங்கள் ஓர் இணையப் பாடம் படம்பிடித்தோம். ஒரே பள்ளி, அவர் கணக்கு, நான் வரலாறு. சொன்ன சொல்லையெல்லாம் சுவர் திருப்பிச் சொன்னது. மறுபடி எடுத்தோம், மறுபடியும். "இன்னா சார், நம்ம புள்ளைங்களுக்கு முன்னாடி வௌவாலுங்க பாஸாயிடும் போலக்குது" என்றார்.

களஞ்சியத்தை அளந்து, எவ்வளவு நெல் கொள்ளும், அது எத்தனை பேருக்குச் சோறாகும் என்று பிள்ளைகள் கணிக்க வேண்டும். கடைசியில் டீச்சர் ஒன்று கேட்டார்: இதை அறுத்தவர்கள் வீட்டுக்கு எவ்வளவு போயிருக்கும்? அதைக் கணிக்க நமக்கு இன்னும் என்னென்ன தெரிய வேண்டும்? கேட்டுவிட்டுக் காமிராவைப் பார்த்தபடி சும்மா நின்றார். பாடமே அந்த நிற்றல்தான் என்று எனக்குப் பட்டது.

பாடங்களை வலையேற்றும் குழுவிலிருந்து ஒருவர் டீச்சரைப் போனில் அழைத்தார். எல்லாம் அருமையாம், கடைசிக் கேள்வி மட்டும் வேண்டாமாம். "கணக்குல எதுக்கும்மா வம்பு? கோட்டையோட பெருமையச் சொல்லுங்க, போதும்." டீச்சர் எவ்வளவோ பேசிப் பார்த்தார். போனை வைத்த பிறகு என்னிடம், "அளக்கச் சொல்லிட்டு, யாருக்கு அளந்தாங்கன்னு கேக்கக் கூடாதா சார்?" என்றார்.

கேள்வியை வெட்டினார்கள். அப்படியென்றால் தன் குரலையும் எடுத்துவிடச் சொல்லி டீச்சர் எழுதிக் கேட்டார். எடுத்தார்கள். இப்போது பிள்ளைகளைக் களஞ்சியத்துக்கு அழைத்துப் போனால் செல்லில் ஓடும் அந்தப் பாடத்தில் வேறு யாரோ பேசுகிறார்கள். எதிரொலி இல்லாத, எங்கேயோ அறைக்குள் பதிந்த, சுத்தமான குரல். பிள்ளைகள் பெருக்குகிறார்கள், விடை சரியாக வருகிறது, வெயிலுக்கு ஓடிவிடுகிறார்கள். யாரும் எதன் முன்னும் நிற்பதில்லை. நான்தான் அந்த நாற்றத்துக்குள் கொஞ்சநேரம் நின்றுவிட்டு வருகிறேன்.

டீச்சருக்கு மாறுதல் வந்தது. அவரே முன்பு கேட்டிருந்ததுதான். ஆனாலும் போகும்போது முகத்தில் மகிழ்ச்சி இல்லை. திண்டிவனம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். வண்டி உறுமத் தொடங்கியது. குரலையாவது விட்டு வைத்திருக்கலாமே டீச்சர் என்றேன்.

"வேணாம் சார். எங்கம்மா கூலிக்கு அறுத்தவங்க. நான் எடுக்கிற பாடமெல்லாம் செல்லுல போட்டுக் கேப்பாங்க. நம்ம பொண்ணுக்கே அந்தக் கேள்வி தோணலயான்னு நெனச்சிக்குவாங்க."