முறைநாளில் பங்கிட்ட மெமரி

எங்கள் வடக்குக் கடலில் விசைப்படகும் நாட்டுப்படகும் ஒரே நாளில் இறங்குவதில்லை. வாரத்தை இரண்டு தரப்பும் பங்கிட்டுக்கொண்டிருக்கின்றன. முறை தவறி ஒருவர் நாளில் இன்னொருவர் வலை போட்டால் வலை அறும், மண்டை உடையும், அதன் பிறகு பேச்சுவார்த்தை நடக்கும். ஓய்வு பெற்று மண்டபத்தில் குடியேறிய புதிதில் இந்த ஏற்பாட்டை நான் மனதார மெச்சினேன். பணிக்காலம் முழுவதும் கணினி மையங்களில் கழித்தவன் நான்; அங்கே இரண்டு பிரிவுகள் ஒரு பிரின்டரைக்கூடச் சண்டையில்லாமல் பங்கிட்டுக்கொண்டதில்லை.

அதே ஏற்பாட்டைக் கணினிக்குள்ளும் இவர்கள் கொண்டுபோயிருந்தது பிறகுதான் தெரிந்தது.

ஏலக்கூடத்தின் பின்னறையில் ஒரு சர்வர் இருந்தது. இரு தரப்புப் படகுக்காரர்களும் மீன் ஏலக்காரர்களும் சேர்ந்து வாங்கியது. அதில் ஹைப்பர்வைசர் என்ற மென்பொருளைப் போட்டு, ஒரே இயந்திரத்தை மூன்று கணினிகளாக நடிக்க வைத்திருந்தார்கள். ஒன்று விசைப்படகுகள் எங்கே இருக்கின்றன என்று காட்டும். இன்னொன்று நாட்டுப்படகுகளைக் காட்டும். மூன்றாவது ஏலத்தின் விலைத்திரையை ஓட்டும். உள்ளே குடியிருக்கும் இந்தக் கணினிகளைக் கெஸ்ட் என்போம். ஒவ்வொரு கெஸ்டும் முழு இயந்திரமும் தனக்கே என்று நம்புகிறது. அந்த நம்பிக்கை குலையாமல் பார்த்துக்கொள்வதுதான் ஹைப்பர்வைசரின் வேலை. ஒரே முகூர்த்தத்துக்கு மூன்று பேரிடம் முன்பணம் வாங்கிய கல்யாண மண்டப மேலாளரை நினைத்துக்கொண்டால் போதும்.

மூன்றுக்கும் வாக்களித்த மெமரியைக் கூட்டினால், இயந்திரத்தில் இருப்பதைவிட அதிகம் வந்தது. ஏலக்காரரிடம் கேட்டேன். திருப்பாலைக்குடியிலிருந்து வந்து போகும் மனிதர்; சில காலம் துபாயில் இருந்தவர்; அறைச் சாவி அவரிடம்தான் இருக்கும்.

"ரெண்டு பேரும் ஒரே நாள்ல கடலுக்குப் போறதில்லையே சார், பெறகு எதுக்கு ரெண்டு பங்கு? முறைநாளு யாருக்கோ மெமரி அவங்களுக்கு!"

நான் முறைப்படி ஓர் ஆட்சேபக் குறிப்பு எழுதிக் கொடுத்தேன். அதுவும் முறைப்படி டீ கிளாசுக்கு அடியில் போய்ச் சேர்ந்தது.

அன்று விசைப்படகுகளின் நாள். முந்தின நாள் போன நாட்டுப்படகுகள் விடிவதற்குள் திரும்பிவிட வேண்டும். காலையில் வழக்கம்போல டீக்காகவும் பேச்சுக்காகவும் ஏலக்கூடத்துக்குப் போனேன். நாட்டுப்படகுத் திரையைக் கவனித்துக்கொள்ளும் பெண் என்னைக் கூப்பிட்டாள். பக்கத்துக் கத்தோலிக்க மீனவக் குடும்பத்துப் பெண். அவள் கணவனும் கடலுக்குப் போயிருந்தான்.

"சார், கொஞ்சம் இங்கன வாங்க. ஒரு புள்ளியும் அசையல."

"நங்கூரம் போட்டிருப்பார்கள்."

"ஜன்னல் வழியா பாருங்க. அந்தா, கரையில கட்டிக் கெடக்குற படகெல்லாம் திரையில இன்னும் கடல்ல நிக்குது. எங்க வீட்டுப் படகு மட்டும் கரையிலயும் இல்ல. போனும் எடுபடல."

மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று எழுந்திருந்தது. இன்ஜின் நின்ற படகை அது கிழக்கே, எல்லைக்கோட்டுப் பக்கம் தள்ளும். கோட்டைத் தாண்டினால் அந்தப் பக்கத்துக் கடற்படை பிடித்துப்போகும். பிறகு சிறை, வழக்கு, படகு திரும்பாது. இதை இந்தக் கரையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அவள் நாற்காலியை எனக்கு விட்டு எழுந்து நின்றாள்.

கெஸ்டைக் கேட்டேன். மெமரி தாராளமாக இருக்கிறது, சகலமும் சௌக்கியம் என்றது. அது பொய் சொல்லவில்லை, அதற்குத் தெரியாது. அடியில் இருக்கும் ஹைப்பர்வைசரைக் கேட்டபோதுதான் உண்மை வந்தது. மெமரிக்குத் தட்டுப்பாடு வந்தால் ஹைப்பர்வைசர் முதலில் கெஸ்டிடமே தணிவாகக் கேட்கும்: உனக்கு வேண்டாததைக் கொடு என்று. அது போதாதபோது தானே எடுத்து டிஸ்கில் போட்டுவிடும். எது முக்கியம், எது குப்பை என்று அதற்குத் தெரியாது. இதற்குப் பெயர் ஸ்வாப். இவர்கள் அமைத்துவைத்திருந்தபடி, முறைநாள் முடிந்துவிட்டது என்று நாட்டுப்படகுக் கெஸ்டின் பெரும்பகுதியை அது டிஸ்கில் கிடத்தியிருந்தது.

படகுகளின் செய்திகள் வராமல் இல்லை. கூரையிலுள்ள ஆன்டெனாவில் பிடிபட்டு, ரிசீவர் வழியாக வந்துகொண்டேதான் இருந்தன. ரிசீவர் ஒவ்வொரு முறையும் கதவைத் தட்டும், அதுதான் இன்டரப்ட். ஹைப்பர்வைசர் அதைக் கேட்டு, கெஸ்டுக்குச் சேரவேண்டியது என்று குறித்துவைக்கும். கெஸ்ட் எழுந்து கதவைத் திறக்கப் போனால், காலை வைக்க வேண்டிய தரை டிஸ்கில் இருக்கிறது. தரையைக் கொண்டுவரும்வரை அது அப்படியே உறைந்து நிற்கும். அடுத்த அடிக்கு மறுபடியும் அதே கதை.

ஏலக்காரர் தலையை நீட்டினார்.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார். எங்க வீட்டு டிவிக்கு அதான் வைத்தியம்."

"பாய், அது டிவி இல்லை. தட்டின செய்தியெல்லாம் வாசலில் காத்திருக்கிறது. இப்போது அணைத்தால் மொத்தமும் அழிந்துபோகும். கடைசியாகப் படகு எங்கே இருந்தது என்பதும் சேர்ந்து போகும்."

"அப்ப என்னதான் செய்யிறது?"

"இன்னொரு கெஸ்டை நிறுத்தி மெமரியை விடுவிக்க வேண்டும். விசைப்படகுத் திரையைத் தொட முடியாது, அவர்கள் கடலில் இருக்கிறார்கள். உங்கள் ஏலத் திரைதான் மிச்சம்."

"ஏலம் பாதியில நிக்கிது சார்! வெளியூர் லாரிக்காரன் என்னைய உரிச்சு உப்புக்கண்டம் போட்ருவான்." பிறகு அவளைப் பார்த்தார். "ஏன் தங்கச்சி, உம் மாப்ள படகா?"

"ஆமா பாய்."

"வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன? நிறுத்துங்க சார்."

சொல்லிவிட்டு வெளியே போய், ஒரு மீன்பெட்டியின் மேல் ஏறி நின்று விலைகளைத் தொண்டையாலேயே கூவ ஆரம்பித்தார். இப்படி ஓர் ஒப்புதலுக்கு என் பழைய அலுவலகத்தில் மூன்று கையெழுத்தும் ஒரு கூட்டமும் தேவைப்பட்டிருக்கும். கூட்டத்தில் வடை இருந்திருக்கும் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.

ஏலக் கெஸ்டை ஒழுங்காக மூடினேன். விடுபட்ட மெமரி போதும் என்று உறுதிசெய்துகொண்டு ஸ்வாப்பை அணைத்தேன். அணைத்தால், டிஸ்கில் கிடப்பதை எல்லாம் ஹைப்பர்வைசர் மெமரிக்குத் திருப்பிக் கொண்டுவந்தாக வேண்டும். பழைய டிஸ்க், கரகரவென்று அரைத்தது. அவள் கழுத்துச் சிலுவையைப் பிடித்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

புள்ளிகள் அசைந்தன. கரையில் கட்டிக் கிடந்த படகுகள் ஒவ்வொன்றாகத் திரையிலும் கரைக்குத் தாவின. ஒன்று மட்டும் எதிர்ப்பக்கம், கிழக்கே தாவிச் சிவப்பானது. படகில் இருக்கும் அபாயப் பொத்தானை அவள் கணவன் அழுத்தியிருந்தான். கோட்டுக்கு இந்தப் பக்கம்தான். ஆனால் இடைவெளி அதிகமில்லை.

பக்கத்துத் திரையில் அவனுக்கு அருகே ஒரு விசைப்படகு தெரிந்தது. அவள் வயர்லெஸ்ஸை எடுத்து இடத்தைச் சொன்னாள். பதிலுக்கு ஒரு கரகரத்த குரல் வந்தது.

"எம் மேல கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுத்தவன் படகுதானே அது?"

"ஆமாண்ணே, அவரேதான். இழுத்துக் கரை சேத்துருங்க. அடுத்த மனுவ நானே கிழிச்சிர்றேன்."

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. "கயிறோட போறேன்மா. நீ அழுவாம இரு."

"நான் எங்கன அழுதேன்?" என்று அவள் வயர்லெஸ்ஸை வைத்துவிட்டு, அதன் பிறகு அழுதாள்.

வெயில் ஏறும் நேரத்தில் இரண்டு படகும் ஒரே கயிற்றில் வந்தன. இறங்கியவன் முதலில் தண்ணீர் குடித்தான். அவள் அவனிடம் போய் இன்ஜினை அப்போதே பழுதுபார்க்கச் சொன்னதை நினைவூட்டி, துறைமுகம் முழுவதும் கேட்கும்படி ஏசினாள். அவ்வளவு இனிமையான ஏச்சை நான் கேட்டதில்லை. விசைப்படகுக்காரர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, பாதியில் விட்டுவந்த தன் வலையைத் தேடித் திரும்பிப் போனார். அவருக்கு நன்றி சொல்ல யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை. அதனால் இங்கே நான் சொல்லிவைக்கிறேன்.

ஏலக்காரருக்குத் தொண்டை முழுசாகக் கட்டியிருந்தது. "உங்கள் திரையைப் போட்டுவிடட்டுமா?" என்று கேட்டேன். வெளியே நின்றிருந்த அந்தக் கணவனையும் மனைவியையும் ஒருமுறை பார்த்தார்.

"வேணாம் சார்," என்றார் காற்றுக் குரலில். "புது மெமரி வாங்கிப் போடுற வரைக்கும் எம் பங்கு அவங்ககிட்டயே இருக்கட்டும். நான் பெட்டி மேல ஏறிக்கிர்றேன்."