கப்பலை நிறுத்தச் சொன்னவர்

சப்பாத்தைக் கழற்றாமல்தான் அவர் படுப்பார். ஒஸ்லோவில், மோர்டென்ஸ்ருட் பக்கம் நான் வேலை செய்த முதியோர் இல்லத்தில் அவரை எல்லோரும் மாலுமி என்றே சொல்லுவோம். வயது எண்பத்தைந்தைத் தாண்டி, நினைவும் தளர்ந்திருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கட்டிலில் சாய்வார். கறுத்த தோல் சப்பாத்து, நாடா இறுக்கியபடி, வெள்ளை விரிப்பின் மேல் கிடக்கும். புதிதாக வந்த தாதிமார் கழற்றப் போய் உதை வாங்கினார்கள். நான் முயலவே இல்லை. விமானச் சத்தம் கேட்டால் பதுங்குகுழிக்கு ஓடிய ஊரில் வளர்ந்தவனுக்கு, எந்நேரமும் ஓட ஆயத்தமாகப் படுப்பதை விளங்கப்படுத்த வேண்டியதில்லை.

இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன்காரர் ஒஸ்லோவுக்குள் நுழைந்த காலை அவருடைய கப்பல் நடுக்கடலில் இருந்தது. வீடு திரும்ப வழியில்லாமல், போர் முடியும்வரை அத்திலாந்திக்கில் எண்ணெய் ஏற்றிக்கொண்டு திரிந்தார். கப்பல்கள் அணியாகப் போகும். நீர்மூழ்கிகள் ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாக அடிக்கும். தரையில் சண்டை ரஷ்யப் பனிவரை போய்த் திரும்பியது. பின்வாங்கியவர்கள் வடக்கு நோர்வேயை எரித்துவிட்டுப் போனார்கள். ஒரு மே மாதம் சமாதானமும் வந்தது. இதெல்லாம் அவருடைய மகள் சொன்னது. மாலுமியின் போர் அந்த மே மாதத்துக்கு வந்து சேரவே இல்லை. பக்கத்துக் கப்பல் எரிந்து, அதிலிருந்த அவருடைய சின்னவயதுக் கூட்டாளி தண்ணீரில் கையை உயர்த்திய இடத்திலேயே அது நின்றுவிட்டது.

அவருடைய கப்பலின் இயந்திர அறையில் இந்தியர்களும் இருந்திருக்கிறார்கள் போலும். என் முகத்தைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டு நோர்வேஜிய மொழியில் கெஞ்சுவார். "நீயும் கண்டனீதானே? மேலை போய்ச் சொல்லு, கப்பலை நிப்பாட்டச் சொல்லு." போர் முடிந்துவிட்டது என்று சொல்லிப் பார்த்தேன். "அப்ப அவன் எங்கை?" என்று கேட்டார். பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்த அதே மாதங்களில், 2009இன் தொடக்கத்தில், இலங்கையின் வன்னியில் சண்டை கடற்கரையோரமாக ஒடுங்கிக்கொண்டிருந்தது. என் தம்பி பெண்சாதி பிள்ளைகளோடு அந்த மணலில் இருந்தான். யாரோ வைத்திருந்த தொலைபேசிக்கு வரிசையில் நின்று அழைப்பான். "அண்ணை, கப்பல் வந்து ஏத்துமெண்டு சனம் கதைக்குது. நீங்கள் நோர்வேக்காரரோடை இருக்கிறியள், ஒருக்காச் சொல்லுங்கோவன்." சமாதானம் பேச வந்த நாடல்லவா, இங்கே இருக்கிறவன் எவனும் மந்திரியோடு தேநீர் குடிப்பான் என்று அங்கே நம்பினார்கள். என் சொல் கேட்கக்கூடிய நோர்வேக்காரர் மாலுமி ஒருவர்தான், அதுவும் நல்ல நாட்களில். இருந்தும் பாராளுமன்றத்தின் முன்னால் பிள்ளைகளோடு போய் நின்று கத்தினோம். ரயில் பிடிக்க ஓடிய சனம் எங்களைச் சுற்றிக்கொண்டு போனது. ஒரு பெண் மட்டும் நின்று எந்த நாடு என்று கேட்டாள். சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போனாள். யாரைக் கோபிப்பது என்று தெரியவில்லை.

மே மாதத்தில் தம்பியின் அழைப்பு நின்றது. இன்றுவரை அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அந்தக் கிழமை மனைவிதான், "வேலைக்குப் போங்கோ, வீட்டிலை இருந்தால் விசர் பிடிக்கும்" என்று அனுப்பிவைத்தாள். மாலுமியின் அறையில் நல்ல வெயில். அவர் விழித்தபடி படுத்திருந்தார். கட்டிலருகே கதிரையில் இருந்ததும் என்னையறியாமல் அழுதுவிட்டேன். "கப்பலை நிப்பாட்டச் சொல்லுங்கோ, என்ரை தம்பி அங்கை நிக்கிறான்" என்று அன்றைக்கு நான்தான் கெஞ்சினேன், அவருக்கு விளங்கும் நோர்வேஜிய மொழியில்.

அவர் மெல்ல எழுந்து உட்கார்ந்து என் தோளில் கைவைத்தார். அதுவரை நான் அவரிடம் கேட்காத குரல். கப்பலைப் பொறுப்பில் வைத்திருப்பவரின் குரல்.

"ஏலாது, பொடியா. நிண்டால் எங்களையும் அடிப்பாங்கள். அப்பிடித்தான் கட்டளை. திரும்பிப் பாராதை."

சொல்லிவிட்டு யன்னல் பக்கம் திரும்பி, அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.